அக்கா மட்டும் வரட்டும்

உக்காருங்க, இடம் இருக்குதுங்க. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கறேன். சாப்பாடுதானுங்க, பையனுக்கு. கோர்ட்டு கேன்டீன்ல அவன் திங்க மாட்டான்னு அவங்கம்மா கட்டிக் குடுத்து விட்டா.

நெலத்துக் கேஸுங்களா? பங்காளிங்களோடயா? அது பரவாயில்லீங்க. நாலு பேருகிட்ட வெளிய சொல்ற மாதிரி கேஸு. என்ற கேஸு அந்தக் கடைசி ரூம்ல நடக்குது. கதவு சாத்தியிருக்குது பாருங்க, அது. சின்னப் புள்ளைக கேஸெல்லாம் சாத்தி வச்சுத்தான் கேப்பாங்களாம். என்ற பையன் உள்ள இருக்கறான். பெத்த அப்பன் நான் இங்க பெஞ்சுல உக்காந்திருக்கறேன்.

ஜட்ஜம்மாவக் கொறை சொல்ல மாட்டேனுங்க. தன்மையாத்தான் பேசுனாங்க. நானும் கதவு வரைக்கும் போனேன். "தம்பி, கூட யாரு இருந்தா உனக்குத் தைரியமா இருக்கும்?"னு கேட்டாங்க. நான் ஒரு கால உள்ள எடுத்து வச்சுட்டேன். அவன் என்னைய ஏறெடுத்துக்கூடப் பாக்கலீங்க. "அக்கா மட்டும் வரட்டும்"னுட்டான். அக்காகிட்ட போன வாய்தாவுலயே விசாரிச்சு முடிச்சுட்டாங்க, அதனால அவ கூட இருக்கலாமாம். அவ தம்பி தோளத் தொட்டுக்கூடக் கூட்டிட்டுப் போகல. பக்கத்துல நடந்தா, அவ்வளவுதான். கதவச் சாத்திட்டாங்க.

வெளிய நிக்கறதுக்கு நான் என்ன தப்பு பண்ணுனேன், சொல்லுங்க பாக்கலாம். நீங்க மூணாம் மனுசர். கேட்டுட்டுச் சொல்லுங்க.

பேரெல்லாம் சொல்லக்கூடாதுன்னு மேடம் கண்டிசனாச் சொல்லியிருக்காங்க. மேடம்னா, புள்ளைக பாதுகாப்பு ஆபீஸ்ல இருந்து எங்களுக்குத் துணைக்கு வர்றவங்க. அதனால பையனச் சின்னவன்னு சொல்றேன், பொண்ணப் பெரியவள்னு சொல்றேன். அப்படியே வச்சுக்குங்க. ஊரும் கேக்காதீங்க. இந்தப் பக்கந்தான். மெயின் ரோட்டு மேல பேக்கரி வச்சிருக்கறேன், வீடும் அதோட ஒட்டுனாப்புலதான். தேங்காய் பன்னுக்கு லாரிக்காரங்க நிறுத்தி வாங்கிட்டுப் போவாங்க, அந்தளவுக்குக் கடை.

கடைக்கு எதிர்த்தாப்புல ஒரு மாடி காலியாக் கெடந்துச்சு. அங்க வந்து செஸ் கிளாஸ் போட்டாருங்க கிரிதரன் சார். பாருங்க, இன்னமும் வாயில சார்னுதான் வருது. அவன் பேரச் சொல்றதுல ஒண்ணும் தப்பில்லைங்களே? நாப்பது வயசு இருக்கும். வெள்ளச் சட்டை, தேச்சுப் போட்டது. நெத்தியில சின்னதா விபூதி. காலையில மொத டீ நம்ம கடையிலதான். வந்ததும் "அண்ணா"ம்பாரு. நான் எட்டாவது படிச்சவன். இங்கிலீசுல போர்டு வச்சிருக்கற ஆளு என்னையக் கடைக்காரரேன்னு கூப்பிடல, அண்ணான்னாரு. நின்னு பேசுவாரு. மாவு எங்க வாங்கறீங்க, ஓவன் எத்தனை மணிக்கு மூட்டறீங்கன்னு கேப்பாரு. சொந்தத் தம்பி என்னைய அப்படிக் கேட்டதில்லைங்க.

சின்னவன் அப்ப ஏழாவது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்து எழுதிட்டு இருப்பான். சார்தான் ஒரு நாளு பார்த்துட்டு, "அண்ணா, இந்தப் பையன் யோசிக்கறதே வேற மாதிரி இருக்குது, எங்கிட்ட விடுங்க"ன்னாரு. பீஸு கேட்டதுக்குக் கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. "இவங்கிட்ட பீஸ் வாங்குனா எனக்குத்தான் கேவலம்"ன்னாரு. மத்த புள்ளைககிட்டயெல்லாம் வாங்குனாரு, தெரியுமுங்க. இவனுக்கு மட்டும் வேண்டாமுன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நம்ம புள்ளைய ஒருத்தர் ஒசத்தின்னு சொல்றாரு. பஃப்ஸ் கண்ணாடிப் பெட்டிக்கு மேல கொண்டாந்து வச்சேனுங்க, அவன் ஜெயிச்ச மொத கப்ப. வர்றவங்க போறவங்க எல்லாருகிட்டயும் காட்டுவேன்.

நான் புள்ளைகளக் கண்டுக்காம விட்டவன்னு மட்டும் நெனச்சுராதீங்க. பெரியவளக் கேட்டுப் பாருங்க. அவளுக்கு அப்ப ப்ளஸ் ஒன். ஸ்கூலுக்கு நாந்தான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுவேன், நாந்தான் கூட்டிட்டு வருவேன். டியூசனுக்கு வெளிய நின்னுட்டு இருப்பேன், மழையா இருந்தாலும். கூடப் படிக்கற புள்ளையோட பொறந்த நாளுக்குப் போறேன்னா, போகாதேன்னேன். போன் கையில குடுக்கல. மாடியில துணி காயப் போடறதுக்குக்கூட அவங்கம்மா கூடப் போகோணும். காலம் கெட்டுக் கெடக்குதுங்க. நாலு பக்கமும் கண்ணு வச்சுத்தான் வளத்தேன்.

சின்னவனப் பத்தி எனக்கு வெசனமே இல்லீங்க. பையன்தானுங்களே? பையனுக்கு என்ன வந்துரப் போகுது? சைக்கிள எடுத்துட்டு எங்கயோ சுத்திட்டு இருட்டற நேரத்துக்கு வருவான். சாரோட வெளியூர்ப் போட்டிக்குப் போவான். ஈரோடு, கரூர், சேலம். அங்கயே தங்கிட்டு மறுநாள் வருவாங்க. சார் போன் பண்ணி, "அண்ணா, சாப்பிட்டான், படுத்துட்டான்"னு சொல்லுவாரு. அந்த மரியாதை வேற யாருகிட்ட இருக்குதுன்னு வீட்டுக்காரிகிட்டச் சொல்லுவேன்.

அப்பறம் ஒரு போன் வாங்கிக் குடுத்தாருங்க சின்னவனுக்கு. அதுல கம்ப்யூட்டரோட செஸ் வெளையாடிப் பழகறதுக்காம். எதுக்குங்க சார் இதெல்லாம்னேன். "நம்ம பையன் அண்ணா"ன்னாரு. வீட்டுக்காரி மட்டும் ஒரு மாதிரி பாத்தா. நான்தான், நல்லது செய்யறவங்களச் சந்தேகப்படற புத்தி உங்கூட்டுப் புத்தின்னு சத்தம் போட்டேன். அவ அடங்கிட்டா.

இங்கதானுங்க ஒரு விசயம் சொல்லோணும். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாரச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கோழிக் கொழம்பு. நாங்க எல்லாரும் கீழ உக்காந்திருக்கறோம். சாருக்குப் பக்கத்துல சின்னவன். பெரியவ பரிமாறிட்டு இருந்தவ, பேச்சோட பேச்சா, வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு ஒரு மேடம் வந்தாங்க, ஒரு கிளாஸ் எடுத்தாங்கன்னு ஆரம்பிச்சா.

"கெட்டவங்க மீசைய முறுக்கிட்டு வரமாட்டாங்களாமுங்கப்பா. ரொம்ப நல்லவங்களா வருவாங்களாம். மொதல்ல அப்பா அம்மாவத்தான் புடிப்பாங்களாம். அப்பறம் நமக்கு மட்டும் தனியா ஏதாச்சும் வாங்கித் தருவாங்களாம். மத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு, உன்னை எனக்குத்தான் புரியும்பாங்களாம். கடைசியில, இது நமக்குள்ள இருக்கட்டும்னு ஒண்ணு சொல்லுவாங்களாம். அப்படி யாராவது சொன்னா, அதையே மொதல்ல நம்பற ஆளுகிட்டப் போய்ச் சொல்லோணுமாம்."

இப்படி அவ சொல்லச் சொல்ல எனக்கு ஒடம்பெல்லாம் கூசுதுங்க. விருந்தாளி உக்காந்திருக்கறாரு. வயசுப் பொண்ணு பேசற பேச்சா அது? "சோத்து நேரத்துல என்ன பேச்சு இது, இதெல்லாம் பொம்பளப் புள்ளைக ஒங்களுக்குள்ள வச்சுக்குங்க"ன்னு அதட்டுனேன். சார் சிரிச்சுட்டு, "இருக்கட்டும் அண்ணா, பொண்ணுங்க தெரிஞ்சுக்க வேண்டியதுதான்"ன்னாரு. சொல்லிட்டு, சின்னவன் தோள் மேல கையப் போட்டாரு. எத்தனை பெருந்தன்மைன்னு நெனச்சேன் நானு.

சின்னவன் அன்னைக்குச் சோத்துலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். கோழிக்கறிய வீணாக்கறயான்னு அதுக்கும் திட்டுனேன். பெரியவ கரண்டியக் கையில வச்சுட்டு தம்பி போன தெசையவே பாத்துட்டு நின்னா. பாத்துட்டு நின்னான்னு இப்பச் சொல்றேன். அப்ப எனக்கு, கொழம்பு ஊத்தாம மசமசன்னு நிக்கறாளேன்னுதான் இருந்துச்சு.

அந்தச் சமயத்துலதான் பையன் மாறிட்டானுங்க. சேலம் போயிட்டு வந்ததுல இருந்துன்னு இப்பக் கணக்குப் பண்றாங்க. தல வலிக்குதும்பான், வயித்த வலிக்குதும்பான். குளிக்கப் போனா வரவே மாட்டான். தெருவுல கிரிக்கெட் ஆடற பசங்க வந்து கூப்பிட்டா, இல்லைன்னு சொல்லச் சொல்லுவான். ஜெயிச்சுட்டு இருந்தவன் வரிசையாத் தோத்தான். நான் சார்கிட்டயே போய்க் கேட்டேன். "வயசு அண்ணா, இந்த வயசுல அப்படித்தான் இருப்பாங்க, நீங்க ரொம்பக் கேள்வி கேக்காதீங்க, எங்கிட்ட விடுங்க"ன்னாரு. படிச்சவரு சொல்றாரு. கேள்வி கேக்காம விட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் கிளாஸுக்குப் போக மாட்டேன்னுட்டான். ஏன்டான்னா, புடிக்கலைங்கறான். ஏன் புடிக்கலைன்னா வாயத் தொறக்க மாட்டீங்கறான். கடையில அத்தனை பேரு டீ குடிச்சுட்டு இருக்கறாங்க. எதிர்த்த மாடியில சார் நின்னு பாத்துட்டு இருக்கறாரு. ஒரு மனுசன் பைசா வாங்காமச் சொல்லிக் குடுக்கறாரு, போன் வாங்கிக் குடுத்திருக்கறாரு, நன்றி கெட்டுப் போயி நிக்கறானேன்னு எனக்கு ஆத்திரம். ஒரே ஒரு அறை விட்டேனுங்க. ஒண்ணுதான். எந்த அப்பனுங்க அடிக்கல? எங்கப்பன் என்னையப் பெல்ட்டுல அடிச்சிருக்கறாரு.

சார்தான் எறங்கி ஓடி வந்தாரு. "அடிக்காதீங்க அண்ணா, பச்ச மண்ணு, நான் பேசிக்கறேன்"ன்னு அவனத் தூக்கிக் கண்ணத் தொடச்சு விட்டாரு. தொடச்சு விட்டு, பைக்குல வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்கறேன்னு. அவன் பின்னால திரும்பிப் பாத்துட்டே போனானுங்க. அடிச்ச அப்பனக் கோவமாப் பாக்கறான்னு நெனச்சேன்.

சித்த இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

பரீச்ச லீவுக்கு ஊட்டியில கேம்ப்புன்னு சொன்னாருங்க. நல்லாத் தேறற பையன்க ரெண்டு மூணு பேர மட்டும் கூட்டிட்டுப் போறேன்னாரு. நான் சொட்டர் எடுத்துக் குடுத்து, பையெல்லாம் கட்டி வைக்கச் சொல்லியாச்சு. அதுக்குள்ளதான் பெரியவ வேலையக் காட்டுனா.

அவ எப்படிக் கண்டுபுடிச்சான்னா, அந்தப் போனு சத்தம் போட்டா சின்னவன் தூக்கிவாரிப் போட்ட மாதிரி நடுங்கறானாம். போட்டியில தோத்தாக்கூட அப்படி நடுங்க மாட்டானே, இது எதுக்குன்னு பாத்திருக்கறா. பாத்தவ, என்னடா நடந்துச்சுன்னு நோண்டலையாம். நானா இருந்தா நோண்டியிருப்பேன். அவ சும்மா, அந்தக் கிளாஸ்ல மேடம் சொன்னதத் திரும்பவும் ஒரு தரம் அவனுக்குச் சொன்னாளாம். சொல்லிட்டு, "பையனுகளுக்கும் இது நடக்குமாம்டா. யாருக்கு நடந்தாலும் அது அந்தப் புள்ளையோட தப்பே இல்லையாம். நீ எப்பச் சொன்னாலும் சரி, எதைச் சொன்னாலும் சரி, நான் நம்புவேன்"னு சொல்லிட்டு அதோட விட்டுட்டாளாம். மறுபடி கேக்கவே இல்லையாம்.

பொறவு ஒரு நாளு, மாடியில துணி எடுத்து மடிச்சுட்டு இருக்கறப்ப, அவனாவே வந்து பக்கத்துல நின்னு ஒரு முனையப் புடிச்சுக்கிட்டு சொல்ல ஆரம்பிச்சானாம். பெட்சீட்ட மடிச்சு மடிச்சுப் பிரிச்சு, பிரிச்சு மடிச்சு, சொல்லி முடிக்கற வரைக்கும் அவ அத விடலையாம். அவம்பாட்டுக்கு மூஞ்சியப் பாக்காமச் சொல்லட்டும்னு. சேலத்துல லாட்ஜுல அந்த ஆளு கை வச்சிருக்கறான். அதுக்கப்பறம் போன்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கறான். வெளிய சொன்னா, நீயாத்தான் அனுப்புனேன்னு ஊருக்கெல்லாம் காட்டுவேன், உங்கப்பன் கடைய இழுத்து மூடிட்டுத் தூக்கு மாட்டிக்குவான்னு சொல்லியிருக்கறான். அண்ணா அண்ணான்னு என்ற கையில டீ வாங்கிக் குடிச்சுட்டே சொல்லியிருக்கறானுங்க.

நான் அப்ப எங்க இருந்தேங்கறீங்க? எங்க வீட்டு மாடிக்கு நேரா கீழ, கடையில. ஓவன்ல பன்னு வெந்துட்டு இருக்குது. படியேறுனா வந்துரலாம். பெரியவ எறங்கி வந்தா, என்ற கண்ணு முன்னால நடந்து போனா, உள்ள போயி அவங்கம்மா போன எடுத்து, பத்து ஒம்பது எட்டுன்னு ஏதோ ஒரு நம்பர், புள்ளைகளுக்கு ஆபத்துன்னா கூப்பிடற நம்பர், அதுக்குக் கூப்பிட்டிருக்கறா. பெத்த அப்பனத் தாண்டிப் போயிக் கண்ணு தெரியாத ஆளுக்குச் சொல்லியிருக்கறா. இதானுங்க எனக்கு ஆறவே மாட்டீங்குது.

அந்த நம்பர்க்காரங்க சொல்லி ஆளுக வந்தப்ப நான் வியாபாரத்துல இருந்தேன். ஒரு மேடம், ஒரு சாரு. என்ன வேணுங்க, டீயா காபியான்னேன். "உங்க வீட்டுல உக்காந்து கொஞ்சம் பேசலாமா?"ன்னாங்க. அந்தக் கிரிதரன் அந்நேரம் கல்லா முன்னால நின்னு டீ குடிச்சுட்டு இருக்கறான். மேடம் கழுத்துல தொங்குன அட்டையப் பாத்தான். பாத்துட்டு கிளாஸ அப்படியே வச்சுட்டுத் தெருவத் தாண்டிப் போயிட்டான். பாதி டீ அப்படியே இருந்துச்சு. டீ நல்லா இல்லையோன்னு நெனச்சேனுங்க நானு. அவ்வளவுதான் என்ற அறிவு அன்னைக்கு.

உள்ள உக்கார வச்சுச் சொன்னாங்க. எனக்குப் பாதி காதுல ஏறல. எந்திரிச்சு அருவா எங்கன்னு தேடறேன். மேடம் குறுக்க வந்து நின்னுட்டாங்க. "நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா உங்க பையன் அதையும் தன்னோட தப்புன்னு நெனப்பான். இப்ப அவனுக்கு நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். நம்பறேன்னு சொல்லுங்க"ன்னாங்க. சின்னவன் கட்டில் மூலையில உக்காந்திருக்கறான். நான் அவனப் பாத்து என்ன கேட்டேன்னு தெரியுங்களா? "ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டேன். கேக்க மாட்டாங்களா? யாரா இருந்தாலும் மொதல்ல அதத்தான கேப்பாங்க. மேடம் என்னமோ கண்ண மூடிக்கிட்டாங்க.

அந்த ஆளு அவனோட அக்கா ஊட்டுக்கு ஓடிட்டான். போலீசு போயிப் புடிச்சுட்டு வந்துச்சு. அவன் போன எடுத்துப் பாத்தா, என்ற பையன் மட்டும் இல்லீங்க. இன்னம் மூணு புள்ளைக. எல்லாம் பையனுக. எல்லாம் எங்க ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்ச வீட்டுப் புள்ளைக. அந்தப் போட்டோவெல்லாம் எங்கயும் போகாம போலீசே எடுத்து வச்சுக்கிச்சு. அதச் சொன்னப்பறந்தான் சின்னவன் சோறு தின்னான்.

மத்த வீட்டுக்காரங்க வந்து நம்ம கூட நிப்பாங்கன்னு நெனச்சேன். நிக்கலீங்க. ரெண்டு பேரு ஊரக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. லேத் பட்டறைக்காரன் ஒருத்தன், பேரு வேண்டாம், அவன் பையனும் அதுல ஒருத்தன், ஒரு நாளு கடை சாத்தற நேரத்துக்கு வந்தான். கேஸ வாபஸ் வாங்கிக்கலாம்ங்கறான். "பையன்தானுங்களே? பையனுக்கு என்ன வந்துரப் போகுது? நாலு நாள்ல மறந்துருவான். பொண்ணா இருந்தாலும் கல்யாணம் காச்சின்னு யோசிக்கலாம்"ங்கறான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். ஒரு அப்பன் வாயில இருந்து வர்ற வார்த்தையாங்க அது? பையன்னா அவனுக்குத் தோல் இரும்புல செஞ்சிருக்குதா? அவனுக்கு வலிக்காதா, பயம் இருக்காதா? "உன்னைய மாதிரி அப்பனுக இருக்கறதாலதான்டா அவன மாதிரி ஆளுக புள்ளைகளத் தேடி வர்றானுக"ன்னு சட்டையப் புடிச்சு ரோட்டுக்குத் தள்ளிட்டேன். இத்தனைக்கும் இருவது வருசப் பழக்கம். எப்படித்தான் அப்படி ஒரு பேச்சப் பேச மனசு வருதோ. நீங்களே சொல்லுங்க.

பெரியவ வாசப்படியில நின்னுட்டு இதையெல்லாம் கேட்டுட்டு இருந்தா. என்னையவே பாத்துட்டு இருந்தா. பாத்துட்டு உள்ள போயிட்டா.

அன்னைக்குத்தான் அவளக் கூப்பிட்டு நேராக் கேட்டேன். அம்மணி, பத்தடி தூரத்துல நான் இருந்தேனே, நீ எதுக்கு எங்கிட்டச் சொல்லாம அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன்னு. அவ அழுகல, சத்தம் போடல. பாத்திரம் கழுவிட்டே சொன்னா.

"உங்ககிட்டச் சொல்லியிருந்தா, மொதல்ல நம்ப மாட்டீங்க. நம்புனா அவன அடிப்பீங்க. அப்பறம் எனக்குப் படிப்ப நிறுத்திருவீங்க. அந்த ஆளு மறுநாளும் வந்து அண்ணான்னு டீ குடிச்சுட்டு இருப்பான். எனக்குத் தம்பி வேணும்ப்பா. அதனால அவங்களக் கூப்பிட்டேன்."

பாத்தீங்களா? இதானுங்க பதினேழு வயசுப் புள்ள அப்பனப் பத்தி நெனச்சு வச்சிருக்கறது. நான் நம்பாம இருப்பேனா? கொஞ்ச நேரம் யோசிச்சிருப்பேன், ஒரு வார்த்தை அந்த ஆள்கிட்டயும் கேட்டிருப்பேன், அது ஒரு மொற. அதுக்குப் பேரு நம்பாததா? படிப்ப நிறுத்தியிருப்பேனாம். நிறுத்தறதுன்னு இல்லீங்க, கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருன்னு சொல்லியிருப்பேன், அவ நல்லதுக்குத்தான். வீட்டுக்காரிகிட்ட நாயம் கேட்டா அவ மக பக்கமே நிக்கறா.

இப்ப அந்தப் பெரியவ கோயமுத்தூர்ல காலேஜு சேரோணுமாம். ஸ்கூலுக்குக் கிளாஸ் எடுக்க வந்த அந்த மேடம் படிச்ச படிப்பு. ஸ்கூல் ஸ்கூலாப் போயி, புள்ளைககிட்ட இந்த மாதிரிச் சொல்லிக் குடுக்கற வேலை. ஹாஸ்டல்ல தங்கோணுமாம். நான் முடியாதுன்னுட்டேன். அத்தனை நடந்ததுக்கப்பறம் ஒரு வயசுப் பொண்ணத் தனியா அனுப்ப முடியுங்களா? வெளிய எப்பேர்ப்பட்ட ஆளுக இருக்கறாங்கன்னு நான் பாத்தவன். அவ என்னடான்னா, "வெளிய இல்லைங்கப்பா"ன்னு மட்டும் சொல்றா. என்ன சொல்றாளோ.

சின்னவன் எங்கிட்டப் பேசறான்னு வச்சுக்குங்க. ஆமாம்பான், இல்லைம்பான். டாக்டரம்மா ஒருத்தங்க வாராவாரம் பேசறாங்க, அங்க போயிட்டு வந்தா கொஞ்சம் தெளிவா இருக்கறான். தெருப் பசங்களோட மறுபடியும் வெளையாடப் போறான். செஸ்ஸத் தொடறதில்ல. நான் கப்ப எடுத்துப் பரண் மேல போட்டுட்டேன். நான் கிட்டப் போனா மட்டும் ஒரு அடி பின்னால போறானுங்க. அந்த நாய்க்கு நடுங்குன மாதிரியே எனக்கும். நான் வேற, அவன் வேற இல்லைங்களா? இதை யாரு அவனுக்குப் புரிய வைக்கறது?

கதவத் தொறந்துட்டாங்க. இருங்க.

வா கண்ணு. முடிஞ்சுதா? இங்க வா, இப்படி உக்காரு. இவரு சும்மா, பக்கத்துல உக்காந்திருக்கறவரு. பசிக்குதா? அம்மா எலுமிச்சஞ்சோறு கட்டிக் குடுத்திருக்கறா. பயமா இருந்துச்சா? இருந்துச்சா. சரி. எல்லாத்தையும் சொல்லிட்டயா?

என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு.

நான் போக மாட்டேன்னு சொன்னப்ப அப்பா அடிச்சாங்கன்னு அதையும் சொன்னயா? வக்கீலு கேட்டாங்களா? கேக்கலையா? நீயாவா சொன்ன?

சரி. சரி, நீ போ சாமி. அக்கா மரத்தடியில நிக்கறா பாரு, போயி நில்லு. அப்பா பையை எடுத்துட்டு வர்றேன்.

கேட்டீங்களாங்க? அதப் போயி எதுக்குங்க அங்க சொல்லோணும்? கேஸு அந்த ஆளு மேல. என்ற அறைக்கும் அதுக்கும் என்ன இருக்குது? ஒரே ஒரு அறை. நீங்கதான் இத்தனை நேரம் கேட்டீங்களே, சொல்லுங்க. என்னங்க, நீங்களும் எந்திரிச்சுட்டீங்க?

போகட்டும், விடுங்க. அவனுக்குப் பசிக்கும். ரோட்டத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்பு, லாரி வர்ற ரோடு. கையப் புடிச்சுத் தாண்ட வைக்கலாமுன்னு இருக்குது. அவன் கையத் தொட்டு எத்தனையோ நாளாச்சுங்க. தொடறதுக்கு முன்னால அவங்கிட்ட, தொடலாமான்னு ஒரு வார்த்தை கேக்கோணுமாம், அவன் சரின்னா மட்டும் புடிக்கோணுமாம். டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.

கேக்கறதுக்குத்தானுங்க வாய் வர மாட்டீங்குது.